கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, நிரல் மட்டும் இல்லை என்கிறது

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே சந்திக்கும் பிழைச்செய்தி ஒன்று உண்டு. "அப்படி ஒரு கோப்போ ஃபோல்டரோ இல்லை" என்பது அதன் சாரம். பைத்தானில் ஃபைல்நாட்ஃபவுண்ட்எர்ரர் என்ற பெயரோடும் எர்ர்நோ 2 என்ற எண்ணோடும் வரும். சி, நோட், ரூபி என எதில் எழுதினாலும் லினக்ஸும் மேக்கும் அடியிலிருந்து அனுப்புவது ஈநோஎன்ட் என்ற அதே குறியீட்டைத்தான். 2 என்பது அதன் எண். கோப்பு உண்மையிலேயே இல்லாமல் இந்தச் செய்தி வந்தால் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் எடிட்டரின் இடப்பக்கப் பட்டியலில், நிரல் கோப்புக்கு நேர் கீழே அது உட்கார்ந்திருக்கும். பெயரில் எழுத்துப்பிழை இருக்காது. அப்போதும் இல்லை என்று வந்தால்தான் தலை சுற்றும்.

யாரிடம் கேட்டாலும் "முழுப் பாதையைக் கொடுத்துப் பாருங்கள்" என்பார்கள். கொடுத்தால் வேலை செய்யும், உங்கள் கணினியில் மட்டும். அந்தப் பாதைக்குள் உங்கள் பயனர் பெயர் இருக்கிறது, உங்கள் டிரைவ் எழுத்து இருக்கிறது. அதே நிரலைச் சக ஊழியர் எடுத்து ஓட்டினாலோ சர்வரில் ஏற்றினாலோ மறுபடி அதே செய்தி. காரணம் தெரியாமல் கட்டிய கட்டு அவ்வளவு நேரம்தான் தாங்கும். காரணமோ ஒரு பத்தியில் சொல்லிவிடக்கூடியது.

ப்ராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலி. இயங்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் இயங்குதளம் ஒரு ஃபோல்டரை "நீ இப்போது இங்கே இருக்கிறாய்" என்று குறித்து வைத்திருக்கிறது. இதை நடப்பு ஃபோல்டர் என்று வைத்துக்கொள்வோம். சாய்வுக்கோட்டிலோ டிரைவ் எழுத்திலோ தொடங்காத எந்தப் பாதையைக் கொடுத்தாலும், இயங்குதளம் அதை இந்த நடப்பு ஃபோல்டரிலிருந்துதான் தேடும். நிரல் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. பார்க்கவும் வழியில்லை: பைத்தான் நிரலை ஓட்டும்போது இயங்குதளத்தின் கண்ணுக்கு ஓடுவது பைத்தான் என்ற செயலி. உங்கள் நிரல், அந்தச் செயலி திறந்து படித்த இன்னொரு கோப்பு, அவ்வளவுதான். இப்படி நடப்பு ஃபோல்டரிலிருந்து கணக்கிடப்படும் சார்புப் பாதை என்பது "அடுத்த தெருவில் மூன்றாவது வீடு" என்பதைப் போல. சொல்கிறவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாதவரை அது முழு முகவரி ஆகாது.

அந்த நிற்குமிடத்தை நிரல் தீர்மானிப்பதில்லை. நிரலைத் தொடங்கி வைத்தவர் தீர்மானிக்கிறார். தொடங்கியவர் வேறு இடம் குறிப்பிடாவிட்டால், ஒவ்வொரு ப்ராசஸும் தன்னைத் தொடங்கிய ப்ராசஸின் நடப்பு ஃபோல்டரை அப்படியே சுவீகரிக்கிறது. டெர்மினலில் ஓட்டினால், அந்த நேரத்தில் டெர்மினல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அது. விஎஸ் கோடில் ஓட்டும் பட்டனை அழுத்தினால் இயல்பாக, நீங்கள் திறந்து வைத்திருக்கும் ப்ராஜெக்டின் மேல்மட்ட ஃபோல்டர். பைசார்மில் அதே நிரலை வலது கிளிக் செய்து ஓட்டினால் நிரல் கோப்பு இருக்கும் ஃபோல்டர். இன்டெல்லிஜேயில் ஜாவா என்றால் ப்ராஜெக்டின் வேர். ஜூபிட்டரில் நோட்புக் இருக்கும் இடம். லினக்ஸில், குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டிவிடும் கிரான் ஓட்டினால் பயனரின் ஹோம் ஃபோல்டர், பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவையாக ஓட்டினால் வேர் ஃபோல்டர். விண்டோஸ் சேவையாக ஓட்டினாலோ சிஸ்டம்32. டாஸ்க் ஷெட்யூலரில் "ஸ்டார்ட் இன்" என்ற கட்டத்தைக் காலியாக விட்டாலும் அங்கேயேதான் போய் நிற்கும். நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, ஆனால் அது தேடும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. "என் எடிட்டரில் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை" என்ற புகார்களைக் கிளறினால் கணிசமானவற்றின் அடியில் இருப்பது இதுதான்.

இவ்வளவு எளிய விஷயம் ஏன் இத்தனை பேரைக் குழப்புகிறது? மொழிகளே இரண்டு விதமாகப் பேசுவதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பைத்தானில் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நிரல் கோப்பை இம்போர்ட் செய்தால் எங்கிருந்து ஓட்டினாலும் கிடைக்கிறது. ஏனென்றால் மாட்யூல்களைத் தேடும் பட்டியலின் முதல் இடத்தில் ஓட்டப்பட்ட நிரலின் ஃபோல்டரையே பைத்தான் வைக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அதே ஃபோல்டரில் உள்ள டெக்ஸ்ட் கோப்பை ஓப்பன் செய்தால் கிடைப்பதில்லை. நோடில் இது இன்னும் அப்பட்டம். ரெக்வயருக்குள் புள்ளியும் சாய்வுக்கோடும் போட்டால் "இந்த நிரல் கோப்பிலிருந்து" என்று பொருள். ரீட்ஃபைலுக்குள் அதே புள்ளியும் சாய்வுக்கோடும் "நடப்பு ஃபோல்டரிலிருந்து" என்று பொருள். ஒரே குறி, ஒரே கோப்புக்குள், இரண்டு அர்த்தம். சி மொழியில் மேற்கோள் குறிக்குள் எழுதும் இன்க்ளூடும் முதலில் தன் சொந்தக் கோப்பின் ஃபோல்டரில்தான் தேடுகிறது. இதையெல்லாம் பழகிய ஒருவர் கோப்பைத் திறக்கும்போதும் அப்படித்தான் நடக்கும் என்று நினைப்பது முட்டாள்தனம் அல்ல, இயல்பு.

கோப்பு யாருடையது?

சரி, எந்த இடத்திலிருந்து பாதையைக் கணக்கிடுவது? "எப்போதும் நிரல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து" என்று ஒரே விதியாகச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். பாதையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அந்தக் கோப்பு யாருடையது என்று கேட்டால் விடை தானாக வரும்.

சில கோப்புகள் நிரலுக்கே சொந்தம். வார்ப்புருக்கள், ஒதுக்கவேண்டிய சொற்களின் பட்டியல், டெஸ்டுகளுக்கான மாதிரித் தரவு போன்றவை நிரலோடு பிறந்து நிரலோடு பயணிப்பவை. இவற்றுக்கு நடப்பு ஃபோல்டர் எதுவாக இருந்தால் என்ன? நிரல் கோப்பின் இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும். பைத்தானில் இரண்டு இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே ஃபைல் என்று எழுதும் மாறியில் அந்த இடம் இருக்கிறது. 3.4 பதிப்பில், 2014இல் வந்த பாத்லிப் இதை ஒரே வரியாக்கிவிட்டது. தமிழில் எழுதிக் காட்டினால் இப்படி இருக்கும்:

பாத்(__ஃபைல்__).ரிசால்வ்().பேரன்ட் / "தரவு" / "பெயர்கள்.டிஎக்ஸ்டி"

நிரல் கோப்பின் முழு இடத்தைக் கண்டுபிடி, அதன் தாய் ஃபோல்டருக்குப் போ, அங்கிருந்து தரவு ஃபோல்டருக்குள் இந்தக் கோப்பு. நோடில் இதே வேலைக்கு டிர்நேம் மாறி உண்டு. புதிய மாட்யூல் முறையில் அது கிடையாது, இம்போர்ட் மெட்டா வழியாகப் போகவேண்டும். டாட்நெட்டில் ஆப்காண்டெக்ஸ்டின் பேஸ்டைரக்டரி. சி++ இல்தான் கொஞ்சம் சங்கடம்: 17ஆம் தரத்தில் ஃபைல்சிஸ்டம் நூலகம் வந்துவிட்டாலும், ஓடும் செயலி எங்கே இருக்கிறது என்று கேட்க அதில் வழியில்லை. மெயினுக்கு வரும் முதல் ஆர்கியூமென்டை நம்பக்கூடாது, அழைத்தவர் அதில் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். லினக்ஸில் ப்ராக் ஃபோல்டருக்குள்ளும் விண்டோஸில் கெட்மாட்யூல்ஃபைல்நேமிடமும் போய்க் கேட்க வேண்டியதுதான்.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, ஜூபிட்டரிலும் பைத்தானின் ஊடாடும் முனையிலும் அந்த ஃபைல் மாறியே கிடையாது. நிரலிலிருந்து வரியை வெட்டி நோட்புக்கில் ஒட்டினால் நேம்எர்ரர் வரும். இன்னொன்று, நிரலைப் பொதிந்து கொடுத்த பிறகு பக்கத்தில் கோப்பு என்பதே இல்லாமல் போகலாம். ஜாவாவின் ஜார் என்பது ஒரு ஜிப். அதற்குள் இருக்கும் டெக்ஸ்ட் கோப்புக்கு இயங்குதளம் அறிந்த பாதை எதுவும் கிடையாது. எடிட்டரில் ஓடிய நிரல் ஜார் ஆனதும் சாய்வதற்குக் காரணம் இதுதான். கெட்ரிசோர்ஸ்அஸ்ஸ்ட்ரீம் என்று பாதையைத் தொடாமல் உள்ளடக்கத்தைக் கேட்பது சரியான வழி. பைத்தானில் 3.7 முதல் இம்போர்ட்லிபின் ரிசோர்சஸ் அதே வேலையைச் செய்கிறது. கோ மொழி 1.16 பதிப்பில், 2021இல், எம்பெட் என்ற வசதியால் கோப்பைத் தொகுக்கும்போதே செயலிக்குள் சேர்த்துவிடுகிறது. ரஸ்டின் இன்க்ளூட்ஸ்டரும் அப்படியே. நிரலுக்குச் சொந்தமான சின்னக் கோப்பு என்றால் இந்த வழிதான் எனக்குப் பிடித்தது. பாதையே இல்லாவிட்டால் பாதைப் பிழையும் இல்லை.

இரண்டாவது வகை, பயனர் கையில் கொடுக்கும் கோப்பு. அவர் டெர்மினலில் தன் ஃபோல்டரில் நின்றுகொண்டு, நிரலின் பெயரையும் தன் அறிக்கைக் கோப்பின் பெயரையும் தட்டுகிறார். அவர் மனதில் இருப்பது தன் கண்முன்னே உள்ள ஃபோல்டர். இங்கே நடப்பு ஃபோல்டர்தான் சரி. "நிரலின் ஃபோல்டர்தான் எப்போதும்" என்ற விதியை இங்கேயும் பூட்டினால், அவருடைய கோப்பை விட்டுவிட்டு நிரல் நிறுவப்பட்ட இடத்தில் போய்த் தேடும். நடப்பு ஃபோல்டர் என்ற ஏற்பாடு தொல்லைக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. இந்தப் பயன்பாட்டுக்காகவே இருப்பது.

பயனர் தரும் பாதையில் அலைக்குறி (~) இருந்தால் கவனம் தேவை. ஹோம் ஃபோல்டரைக் குறிக்கும் அந்தக் குறியை விரித்துக் கொடுப்பது டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல், இயங்குதளம் அல்ல. டெர்மினலில் ஆர்கியூமென்டாகத் தட்டும்போது வேலை செய்யும் அது, கான்ஃபிக் கோப்பிலிருந்து படிக்கப்படும்போது வெறும் ஒரு எழுத்து. எக்ஸ்பாண்ட்யூசர் போன்ற ஒன்றை நீங்களே அழைத்தாக வேண்டும். இல்லையென்றால் எழுதும்போது அலைக்குறி என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் உருவாகிவிடும் கூத்தும் நடக்கும். அதை அழிக்கப் போகிறவர் ஷெல்லில் நிதானமாக இருப்பது நல்லது.

மூன்றாவது வகை, நிரல் தனக்காகச் சேமித்து வைக்கும் அமைப்புகள், லாகுகள், தற்காலிகச் சேமிப்புகள். இவற்றை நிரலுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, ஏனென்றால் முறைப்படி நிறுவிய நிரல் இருக்கும் இடத்தில் சாதாரணப் பயனருக்கு எழுத அனுமதி இருக்காது. லினக்ஸில் ஹோமுக்குள் இருக்கும் புள்ளி கான்ஃபிக், புள்ளி கேஷ் ஃபோல்டர்கள், விண்டோஸில் ஆப்டேட்டா, மேக்கில் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட். பைத்தானில் பிளாட்ஃபார்ம்டிர்ஸ் என்ற நூலகம் மூன்றுக்கும் விடை சொல்லிவிடும்.

இவற்றுக்கு நடுவே விழும் ஒன்றும் உண்டு: கான்ஃபிக் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் சார்புப் பாதை. அது எதைச் சார்ந்தது? நடப்பு ஃபோல்டரையா, கான்ஃபிக் இருக்கும் இடத்தையா? நிரலின் பதிப்புகளைப் பராமரிக்கும் கிட் என்ற கருவியின் கான்ஃபிக் கோப்பில் இன்னொரு கோப்பைச் சேர்க்கச் சொன்னால், எழுதப்பட்ட கோப்பின் இடத்திலிருந்தே கணக்கிடுகிறது. டைப்ஸ்கிரிப்டின் டிஎஸ்கான்ஃபிக்கிலும் அதே வழக்கம். இதையே பின்பற்றுவது நல்லது. அந்தப் பாதையை எழுதியவரின் கண்முன்னே இருந்தது அந்தக் கான்ஃபிக் கோப்பு மட்டும்தானே.

எதுவும் வேண்டாம், நிரலின் தொடக்கத்திலேயே நடப்பு ஃபோல்டரை மாற்றிவிட்டால் என்ன என்று தோன்றலாம். சின்ன ஸ்கிரிப்டில் பரவாயில்லை. ஆனால் நடப்பு ஃபோல்டர் ப்ராசஸ் முழுவதற்கும் ஒன்றுதான், ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் எல்லா த்ரெட்களும் அதையே பகிர்கின்றன. ஒரு நூலகம் தன் வசதிக்கு அதை மாற்றினால், அந்தப் பக்கம் வேறு கோப்பைத் திறந்துகொண்டிருக்கும் த்ரெட்டின் காலடி நழுவும். பயனர் கொடுத்த சார்புப் பாதையும் அதோடு அர்த்தம் இழக்கும்.

சாய்வுக்கோட்டின் பழைய கணக்கு

யூனிக்ஸ் பாதைகளை முன்சாய்வுக்கோட்டால் பிரிக்கிறது, விண்டோஸ் பின்சாய்வுக்கோட்டால். 1981இல் வந்த எம்எஸ்-டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டர்களே கிடையாது. அப்போதே அதன் கட்டளைகள் முன்சாய்வுக்கோட்டை விருப்பத்தேர்வுகளைக் குறிக்கப் பயன்படுத்திவிட்டன. 1983இல் 2.0 பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தபோது அந்தக் குறி காலியாக இல்லை, எனவே அதன் கண்ணாடி பிம்பம் வேலைக்கு வந்தது. இன்றும் விண்டோஸின் கோப்புச் செயல்பாடுகள் பெரும்பாலும் முன்சாய்வுக்கோட்டையும் ஏற்றுக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரியாது. நிரலுக்குள் பாதை எழுதும்போது முன்சாய்வையே எழுதினால் பாதித் தொல்லை ஒழிந்தது. (ஜப்பானிய விண்டோஸில் பாதைகளுக்கு நடுவே யென் குறி தெரியும். அங்கே பழைய குறியேற்றத்தில் பின்சாய்வின் இடத்தில் யென் உட்கார்ந்திருந்ததன் மிச்சம் அது.)

மீதித் தொல்லை எங்கே? சி வழிவந்த மொழிகளில் மேற்கோளுக்குள் வரும் பின்சாய்வு, அடுத்த எழுத்தோடு சேர்ந்து சிறப்புப் பொருள் தரும். ஆங்கில என் வந்தால் புதிய வரி, டி வந்தால் டேப். நியூ, டேட்டா, டெஸ்ட், டேபிள் என்று ஃபோல்டர் வைப்பது சகஜம். இவற்றில் நியூ, டெஸ்ட், டேபிள் மூன்றும் வலையில் விழும். பாதைக்கு நடுவே ஒரு புதிய வரி புகுந்துகொள்ள, கோப்பைத் திறக்க முடியாமல் நிரல் பிழை காட்டும். திரையில் அச்சிட்டுப் பார்க்கும்வரை காரணம் தெரியாது. விண்டோஸின் யூசர்ஸ் ஃபோல்டர் இன்னும் விசேஷம். பைத்தான் 3இல் பின்சாய்வும் பெரிய யூவும் சேர்ந்தால், பின்னால் எட்டு இலக்கத்தில் ஒரு யூனிகோட் எண் வரும் என்று எதிர்பார்க்கும். வராததால் நிரல் ஓடவே தொடங்காமல் தொடரியல் பிழை காட்டும். புதியவர்களை அதிகம் மிரட்டுவது இந்தச் செய்திதான். ஆனால் சத்தமாகக் கத்துகிற பிழை நல்ல பிழை. வாய்மூடிப் பாதையை மாற்றும் என், டி ஆகிய எழுத்துகள்தான் ஆபத்து.

மேற்கோளுக்கு முன்னால் ஆர் எழுத்தைச் சேர்த்தால் பைத்தான் பின்சாய்வைச் சும்மா விடும். சி ஷார்ப்பில் அட் குறி. அப்போதும் பைத்தானில் அந்தச் சரம் ஒற்றைப் பின்சாய்வில் முடிய முடியாது என்ற வினோதம் மிச்சமிருக்கிறது. பாதைத் துண்டுகளைக் கூட்டல் குறியால் ஒட்டுவதும் வேண்டாம். நடுவில் சாய்வு விட்டுப்போய் "தரவுபெயர்கள்" என்று ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருக்கும். பாத்லிப்போ ஜாயினோ இதற்காகவே இருக்கின்றன. ஒன்று மட்டும்: பைத்தானில் இரண்டாவது துண்டு முழுப் பாதையாக இருந்தால் முதல் துண்டைத் தூக்கி எறிந்துவிடும். அது பின்னால் பாதுகாப்புப் பேச்சில் வரும்.

பெயர் ஒன்றுதான், பைட்டுகள் வேறு

பாதை சரி, இடம் சரி, அப்போதும் கிடைக்கவில்லை என்றால் பெயரைச் சந்தேகப்பட வேண்டும். கண்ணில் படும் பெயரும் வட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மிகச் சாதாரணமானது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை மறைப்பது. பெயரில் டிஎக்ஸ்டி தெரியவில்லையே என்று நீங்களாகச் சேர்த்தால் உண்மைப் பெயரில் அது இரண்டு முறை வந்துவிடும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விவகாரம் அடுத்தது. விண்டோஸும் இயல்பு நிலையில் மேக்கும் டேட்டா என்பதை எந்த எழுத்தில் எழுதினாலும் ஒன்றாகவே பார்க்கும். லினக்ஸுக்கு அவை வேறு வேறு கோப்புகள். மேக்கில் எழுதி லினக்ஸ் சர்வரில் ஏற்றும்போது முதல்முறையாக உடைவது அதனால்தான். விண்டோஸில் கோப்பின் பண்புகள் சாளரத்தில், செக்யூரிட்டி பகுதியிலிருந்து பாதையை நகலெடுத்தால் முன்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒன்று, யு+202ஏ, ஒட்டிக்கொண்டு வரும். "காப்பி அஸ் பாத்" வழியாக எடுத்தால் மேற்கோள் குறிகளும் சேர்ந்து வரும். பட்டியல் கோப்பிலிருந்து வரிவரியாகப் பாதைகளைப் படிக்கும்போது ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு புதிய வரிக்குறி தொங்கும்.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறவர்களுக்குத் தனிப் பாடம் ஒன்று இருக்கிறது. "தொகை" என்ற பெயரில் தொ என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: த, அதோடு ஒகரக் குறி முழுதாக ஒரே எழுத்தாக, அல்லது த, எகரக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. முதல் விதத்தில் சொல் மொத்தம் 4 யூனிகோட் எழுத்துகள், யூடிஎஃப்-8இல் 12 பைட்டுகள். இரண்டாவதில் 5 எழுத்துகள், 15 பைட்டுகள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு. லினக்ஸ் கோப்பு அமைப்புகள் பெயரை வெறும் பைட்டு வரிசையாகப் பார்ப்பதால், ஒரே ஃபோல்டரில் இரண்டு "தொகை" கோப்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றைக் கேட்டால் மற்றது கிடைக்காது. மேக்கின் பழைய கோப்பு அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்திலேயே சேமித்தது, எனவே அங்கிருந்து ஜிப் ஆகி வந்த பழைய கோப்புகள் லினக்ஸில் இப்படிக் கண்ணாமூச்சி ஆடும். அதற்குப் பதிலாக 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது.

இதற்கு மருந்து, இரண்டு விதங்களையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைசேஷன். பைத்தானில் யூனிகோட்டேட்டா மாட்யூலில் இருக்கிறது. இரண்டு பெயர்களையும் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். ஆனால் திறக்கும்போது ஃபோல்டரைப் பட்டியலிட்டுக் கிடைத்த அசல் பெயரையே கொடுங்கள். திருத்திய பெயரைக் கொடுத்தால் வட்டில் அப்படி ஒன்று இருக்காது. இந்த மருந்து எல்லாவற்றுக்கும் கேட்காது என்பதையும் சொல்லவேண்டும். "ஔவை" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டி "ஒளவை" என்று வைப்பவர்கள் ஏராளம். யூனிகோடைப் பொறுத்தவரை அது வேறு சொல், எந்த நார்மலைசேஷனும் அதை ஒன்றுசேர்க்காது.

நீளத்திலும் தமிழுக்கு இடம் குறைவு. லினக்ஸில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட்டுகள், ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள், ஆக 85 குறியீடுகள். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் நாம் எண்ணும் எழுத்துகள் அதைவிடக் குறைவு. கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக்கும் நிரல்கள் இங்கே முட்டிக்கொள்ளும். விண்டோஸில் கவலை வேறு. மொத்தப் பாதையும் 260 எழுத்துகளுக்குள் என்ற பழைய வரம்பை 2016இல், விண்டோஸ் 10இன் 1607 பதிப்பில், தளர்த்த வழி செய்தார்கள். ஆனால் அது தானாக இயங்காது, அமைப்பில் இயக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் பாதை

இதுவரை சொன்னவை தவறுகள். கோப்பின் பெயர் இணையத்தில் முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தால் அது தாக்குதலாகவும் இருக்கலாம். தரவு ஃபோல்டரோடு அவர் கொடுத்த பெயரைச் சேர்த்துத் திறக்கும் நிரலுக்கு, இரட்டைப் புள்ளியும் சாய்வும் நாலைந்து முறை அடுக்கி அனுப்பினால் மேலே மேலே ஏறி சர்வரின் கடவுச்சொல் கோப்பு வரை போய்விடலாம். இரட்டைப் புள்ளியை மட்டும் வடிகட்டினால் போதாது: முழுப் பாதையாகவே ஒன்றை அனுப்பினால், முன்னே சொன்னபடி ஜாயின் உங்கள் தரவு ஃபோல்டரைத் தூக்கி எறிந்துவிடும். ஜிப் கோப்புகளுக்குள்ளும் இப்படிப்பட்ட பெயர்களை வைக்கலாம். 2018இல் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில் ஏராளமான நூலகங்களில் இந்த ஓட்டை வெளிச்சத்துக்கு வந்தது. பைத்தானின் டார்ஃபைல் மாட்யூலில் இதே ஓட்டைக்கு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஈ-2007-4559 என்று எண்ணே உண்டு. எண்ணில் இருக்கும் ஆண்டைப் பாருங்கள். வடிகட்டும் வசதி 3.12இல் வந்தது, அது இயல்பாகவே இயங்கத் தொடங்கியது 3.14இல்தான்.

பாதுகாப்பான வழி, முதலில் சேர்த்து, ரிசால்வ் செய்து உண்மையான முழுப் பாதையாக்கி, அப்புறம் அது தரவு ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. அந்தச் சோதனையை எழுத்துச்சரமாகச் செய்யாதீர்கள். "பயனர்" என்று தொடங்குகிறதா என்று பார்த்தால் "பயனர்2" ஃபோல்டரும் தேறிவிடும். பைத்தான் 3.9 முதல் இஸ்ரிலேட்டிவ்டு இதைப் பகுதி பகுதியாகச் சரிபார்க்கிறது. இன்னும் எளிய வழி, பயனரைப் பெயரே சொல்லவிடாமல் ஒரு எண்ணைக் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பதை நீங்கள் வைத்துக்கொள்வது.

கோப்பைத் திறப்பதற்கு முன் இருக்கிறதா என்று கேட்கும் பழக்கத்தையும் விடலாம். கேட்டதற்கும் திறப்பதற்கும் நடுவில் யாரேனும் அதை அழிக்கலாம், மாற்றலாம். நேராகத் திறந்து, பிழை வந்தால் பிடியுங்கள். எப்படியும் பிடித்தாக வேண்டும், அனுமதி இல்லை என்ற எர்ர்நோ 13 எந்த நேரமும் வரலாம்.

திறந்த பிறகு எழுத்துகள் குப்பையாகத் தெரிந்தால் அது பாதையின் குற்றமல்ல. என்கோடிங் சொல்லாமல் திறந்தால் பைத்தான் கணினியின் இயல்பு என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும், விண்டோஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8 இல்லை. 3.15 பதிப்பில் இதை மாற்ற, பைத்தானின் மாற்ற முன்மொழிவுகளில் ஒன்றான பெப் 686 வழியாக முடிவாகியிருக்கிறது. அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும் என்கோடிங்கைக் கையோடு எழுதிவிடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

கடைசியாகப் பிழைச்செய்தி. இல்லை என்று சொல்லும்போது பைத்தான் காட்டுவது நீங்கள் கொடுத்த பாதையை மட்டும். எங்கே போய்த் தேடியது என்று சொல்லாது. எனவே பிழையைப் பிடிக்கும் இடத்தில் நடப்பு ஃபோல்டரையும், பாதையின் முழு வடிவத்தையும், மறைந்த எழுத்துகளையும் காட்டும் ரெப்ர் வழியாக அதன் எழுத்துகளையும் லாகில் எழுதுங்கள். ஒளிந்திருக்கும் யு+202ஏயும் வால் வரிக்குறியும் ரெப்ரில் பளிச்சென்று தெரியும். எர்ர்நோ 2 வந்தால் கோப்புதான் இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நடுவில் ஒரு ஃபோல்டர் இல்லாவிட்டாலும், இன்னொரு கோப்பைச் சுட்டும் சிம்லிங்க் காட்டும் இடம் காலியாக இருந்தாலும், இல்லாத ஃபோல்டருக்குள் புதுக் கோப்பு எழுதப் பார்த்தாலும் அதே எண்தான்.

நிரலை ஒப்படைப்பதற்கு முன் டெர்மினலில் வேர் ஃபோல்டருக்குப் போய், அங்கிருந்து முழுப் பாதை கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நடுவில் இடைவெளி உள்ள பெயரும் தமிழ்ப் பெயரும் கொண்ட ஒரு ஃபோல்டருக்குள் ப்ராஜெக்டை நகலெடுத்து இன்னொரு முறை. நடப்பு ஃபோல்டரைத் தெரியாமல் நம்பியிருக்கும் வரிகள் முதல் ஓட்டத்திலும், மேற்கோளும் என்கோடிங்கும் விட்டுப்போன வரிகள் இரண்டாவதிலும் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.